கம்பன் ஓடாத பாலம்

மலேசியாவின் பினாங்கில் காலை ஆறரை மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும். வந்த புதிதில் எனக்கு அது பிடிபடவே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் தோப்புக்குள் வெளிச்சம் வந்துவிடும். இங்கே ஏழு மணி தாண்டித்தான் சூரியன் முகம் காட்டுகிறது. கடல் தாண்டிக் கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்க 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள் என்று கடையில் இருக்கும் பெரியவர் சொன்னார். அதை ஊரிலிருந்த என் நண்பனிடம் போனில் சொன்னேன். "அப்ப இருட்டுலயே ஓடிடுடா. வெயில் ஏறுமுன்ன முடிச்சிடலாம்ல" என்றான்.

அவனுக்கு எல்லாமே ஓட்டக் கணக்குதான்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் வீட்டாரிடம் இன்னும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவனைக் கம்பன் என்போம். கவி எழுதியதால் அல்ல. மீட்டர் கேஜ் காலத்தில் எங்கள் ஊர் வழியாகச் சென்னைக்கு ஓடிய ரயில் கம்பன் எக்ஸ்பிரஸ். ஏழாம் வகுப்பில் அவன் ஓடுவதைப் பார்த்த பி.டி. சார்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். பிறகு அவன் அம்மாவே சில நேரம் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

400 மீட்டரும் 800 மீட்டரும் அவன் பந்தயங்கள். ஆனால் பள்ளி முழுக்க அவனைப் பிடித்துப்போனதற்கு வேகம் காரணமில்லை. எங்கள் பள்ளியில் அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, ஸ்பைக்ஸ், ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. தஞ்சாவூரில் வாங்கியது. அவன் காலுக்குச் சரியாக இருக்கும், சின்னப் பையன்கள் முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பில் ஜோனல் மீட். 400 மீட்டர் இறுதிக்கு இவன் கோட்டுக்குப் போகிற நேரத்தில், நீளம் தாண்டுகிற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதத்தில் முள் ஏறி அழுதுகொண்டு நின்றான். இவன் ஸ்பைக்ஸைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்திருந்தால் டிஸ்ட்ரிக்ட் போயிருப்பான். சார் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். "அவனுக்கு முள்ளு குத்தியிருக்கு சார்" என்று மட்டும் சொன்னான், வேறு பேச்சில்லை.

அதே மீட்டில் நான் 1500 ஓடினேன். எல்லோரும் முடித்தபின் எனக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி. கொடி பிடித்தவர் கோட்டை அழிக்கத் தயாராகிவிட்டார். திடலின் உள்பக்கமாக, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பன் என்னோடு கூடவே ஓடி வந்தான். "தோளை இறுக்காதடா. கைய தொங்க விடு. தோளை இறுக்குனா மூச்சு போயிரும்." அந்தச் சுற்றை நான் முடித்தேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் கஜா புயல் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும், வட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கம்பனுக்கும் அதே கதிதான். ஆனால் அவன் அடுத்த மழைக்கே குழி வெட்டிக் கன்று வைத்தான். நான் நான்கு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு 2022-இல் பினாங்குக்கு வந்தேன். லெபோ பசாரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஆயர் ஈத்தாமில், அறுபது கடந்த ஒரு தமிழ் அம்மா வீட்டில் வாடகைக்கு ஓர் அறை.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரிங்கிட்டை இங்குள்ளவர்கள் வெள்ளி என்பதும், சர்க்கரை இல்லாத வரத்தேநீருக்கு 'தே ஓ கோசோங்' என்று கேட்க வேண்டும் என்பதும், சாப்பாடு கட்டிக்கொண்டு போவது 'தாப்பாவ்' என்பதும் மெல்லப் பழகின. பழகாதது ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருக்கும். தமிழ்க் குரலும் தமிழ்ப் பாட்டும் நிறைந்த தெருவில்தான் நடப்பேன், ஆனால் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அறைக்குத் திரும்பிக் கம்பனுக்குப் போன் செய்வேன். "என்னடா, தோளை இறுக்கிக்கிட்டு இருக்கியா?" என்பான். பார்க்காமலே தெரியும் அவனுக்கு.

அவன் விடாமல் சொன்னதால்தான் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் யூத் பார்க்குக்கு ஓடப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தினமும் நடக்க வருவார். மூன்றாம் நாள் தானே பேச்சுக் கொடுத்தார். மணி ஜெகதீசனைத் தெரியுமா தம்பி என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கியவர், டாக்டருக்குப் படித்தவர், பறக்கும் டாக்டர் என்பார்கள் என்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் அவர் ஓடிய 20.92 விநாடி, மலேசியாவின் தேசியச் சாதனையாக 2017 வரை நின்றதாம். அதே பேங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய எம். ராஜாமணியைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது அவர் நடை வேகமானது.

அன்றிரவு இதைக் கேட்ட கம்பன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பத்தொம்பது வருஷமாடா?" என்றான். அதன்பின் தான் பழக்கும் பையன்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் தோப்பு வேலை முடிந்ததும் பள்ளித் திடலில் இருபது பையன்களுக்குக் காசு வாங்காமல் ஓட்டம் சொல்லிக்கொடுத்து வந்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அவனுக்கு வீடியோ காலில் தெருவைக் காட்டினேன். வெள்ளி ரதம் வரும் வழியெங்கும் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பது பினாங்கின் வழக்கம். சீனர்களும் மூட்டை மூட்டையாக வாங்கி உடைக்கிறார்கள். ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடுகிறது, சில்லைத் தள்ள இயந்திரம் வருகிறது. புயலில் தோப்பு இழந்த எங்கள் இருவருக்கும் அந்தக் காட்சி என்னவோ செய்தது. அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம கன்னுல பாளை வந்துருச்சுடா" என்றான். மறுநாள் படம் அனுப்பினான்.

இங்கே பாலத்தில் நடக்கும் மாரத்தான் மேல் அவனுக்கு ஆசை விழுந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதல் பாலம் 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். விடியுமுன் இருட்டில் கடலுக்கு மேலே ஓட்டம் தொடங்கும் என்று சொன்னதும், "காத்து எந்தப் பக்கம்டா அடிக்கும்?" என்று கேட்டான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்றானபோது, நான் சொல்லுமுன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. பார்க்கலாம், காய் வெட்டட்டும் என்றான்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஊரில் அப்போது ஆறேகால். தூக்கத்திலேயே மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

என் பாஸ்போர்ட்டைப் பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. முதலாளி இரண்டு இடத்துக்கு அலைந்து பார்த்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டார். நான்கு நாளாகும் என்றார். கோலாலம்பூர் போய்த் திருச்சி விமானம் பிடித்தால் இரவுக்குள் ஊர் சேர்ந்துவிடலாம் என்று அதற்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கேதத்துக்குப் போன ஒருவன் வீடியோ காலில் காட்டினான். பாடையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வழியில், அவன் பழக்கிய பையன்கள் பள்ளித் திடலுக்குள் திருப்பினார்கள். பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. கோட்டின் மேலேயே ஒரு சுற்று தூக்கி வந்தார்கள். இரண்டாவது வளைவில் படம் நின்றுபோனது.

கொம்தாரில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வீட்டம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மொதல்ல போய் தலைக்கு ஊத்து தம்பி" என்றார். இங்கேயிருந்து என்னம்மா முழுகுவது என்றேன். "ஊருக்குப் போக முடியலைன்னா சாவு இல்லன்னு ஆயிடுமா? இங்கயும் தண்ணி இருக்கு லா."

குளித்து வந்ததும் காப்பி கொடுத்துவிட்டுத் தன் அப்பா கதையைச் சொன்னார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஊரில் அவர் அம்மா இறந்த கடுதாசி ஒரு மாதம் கழித்துத்தான் வந்ததாம். படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாராம். பக்கத்து லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து திண்ணையில் உட்கார்ந்தார்களாம். "அந்தப் பாட்டிய அவுங்க யாரும் பாத்ததே இல்ல" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லு. உன் கூட்டாளி எப்படிப்பட்டவன்?"

முள் குத்திய பையனிலிருந்து ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரம் வரை சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆசிரியர் வந்து உட்கார்ந்தார், அவருக்கும் சொன்னேன். கடைப் பெரியவருக்குச் சொன்னேன். கம்பனைத் தெரிந்தவர்கள் இப்போது பினாங்கில் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் கோயிலில் மோட்ச தீபம் போடலாம் என்று வீட்டம்மாதான் அழைத்துப் போனார். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியவில்லை. முப்பது வருடப் பழக்கம், அவன் ஓடிய ஓட்டங்களின் நேரமெல்லாம் தெரியும், நட்சத்திரம் தெரியாது. அவன் அம்மாவுக்குப் போன் செய்வதைத் தவிர வழியில்லை. பதினைந்து நாளாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"உத்திரட்டாதிப்பா" என்றார். அழவில்லை. "நீ சாப்பிட்டியா? அங்க யாரு பொங்கிப் போடுறா?" என்று கேட்டார். வீட்டம்மாவைப் பற்றிச் சொன்னேன். நல்லா இருக்கட்டும் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.

"அவன்கிட்ட ஒரு நல்ல போட்டோ இல்லப்பா. எல்லாத்துலயும் ஓடிக்கிட்டே இருக்கான், மொகம் தெரியல. உங்கிட்ட வரணும்னு பாஸ்போர்ட்டுக்கு எடுத்தான் பாரு, அதைத்தான் பெருசு பண்ணி மாலை போட்டிருக்கோம்."