மூளையில் ரத்தக்கட்டி, ரத்தத்தில் குறைஞ்ச பிளேட்லெட்

விடாத தலைவலி, வாந்தி, திடீர் வலிப்புன்னா மூளைச் சிரையில ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம். சாதா சி.டி.யில் ஒண்ணும் தெரியாமலும் போகலாம். மூளைச் சிரை அடைப்புக்கு எம்.ஆர். வெனோகிராம் (சிரைகளைக் காட்டுற எம்.ஆர்.ஐ. படம்) எடுக்கணும். அடைப்பு தெரிஞ்சதும் ஹெப்பாரின்தான் (ரத்தம் மேல உறையாம தடுக்குற ஊசி). அதுக்கு முன்னால சி.பி.சி. (ரத்த அணுக்களோட எண்ணிக்கை) தாளைப் பாருங்க.

ரத்தம் உறையுது, அதை உறைய வைக்கிற பிளேட்லெட்டோ குறைஞ்சு 40,000. இங்கதான் இடிக்கணும். ஈறுல கசிவு, கால்ல ஊதாப் புள்ளின்னா டெங்குன்னு தள்ளிராதீங்க (ஐப்பசி மழையில நம்ம ஊர்ல எல்லாமே டெங்குதான்). ரத்த உறைவு, கசிவு ரெண்டையும் ஒண்ணா கொண்டுவர்ற ஏ.பி.எல். (அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா) வகை ரத்தப் புற்றுநோயா இருக்கலாம். அதுல வெள்ளணு பல நேரம் குறைஞ்சே இருக்கும். ஸ்மியர்ல (நுண்ணோக்கியில பார்க்குற ரத்தப் பூச்சு) ஆவர் குச்சிகள் (புற்றணுக்குள்ள தெரியுற குச்சி வடிவங்கள்), எகிறின டி-டைமர் (உறைவு கரையறப்போ வர்ற துணுக்கு), விழுந்த ஃபைப்ரினோஜென் (உறைய வைக்கிற புரதம்) தேடணும். சந்தேகம் வந்த அன்னைக்கே அட்ரா (ஏ.பி.எல்.லுக்கான வைட்டமின் ஏ வகை மருந்து) மாத்திரை: உடல்பரப்பு சதுர மீட்டருக்குத் தினம் 45 மி.கி., ரெண்டு வேளையா. நோயை உறுதிப்படுத்துற மரபணு முடிவு பிறகு வரட்டும். பிளேட்லெட் 50,000-க்குக் கீழன்னா முழு ஹெப்பாரின் மூளையில் ரத்தக்கசிவு உண்டாக்கலாம். முதல்ல பிளேட்லெட் ஏத்தணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா, ஸ்மியர் ஸ்லைடையும் கையோட கொடுத்துவிடுங்க.