லைசென்ஸ் எடுத்து வீட்டில் பிள்ளை பார்ப்பது: ஸ்காபரோவிலிருந்து ஓர் அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், லைசென்ஸ் இல்லாமல் மற்றவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பது சட்டவிரோதம் இல்லை. எங்கள் ஆட்களில் சிலர் அது குற்றம் என்று பயப்படுகிறார்கள். இன்னும் சிலர் எத்தனை பிள்ளைகளையும் வைத்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் பிழை. 13 வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வரை யாரும் பார்க்கலாம். அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நம் சொந்தப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை என்றால் அதுவும் கணக்கில் வரும். அரசின் லைசென்ஸ் பெற்ற இடம் இதுவல்ல என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வாங்கிய தாயை நான் இன்னும் காணவில்லை.

நானும் அப்படித்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 2022 மார்ச்சில், பிள்ளை பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டத்துக்கு ஒன்ராறியோ மத்திய அரசுடன் ஒப்பந்தம் போட்டது. திட்டத்தில் சேர்ந்த லைசென்ஸ் இடங்களில் கட்டணம் படிப்படியாக இறங்கியது. 2025 ஜனவரியிலிருந்து ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு அடிப்படைக் கட்டணம் 22 டொலருக்கு மேல் போகக்கூடாது. ஒரு காலத்தில் மலிவு என்று என்னிடம் வந்தவர்கள், இப்போது அதே மலிவைத் தேடி என்னை விட்டுப் போனார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. நான் என்றாலும் போயிருப்பேன்.

சரி, நானும் லைசென்ஸ் பக்கம் போவோம் என்று வீட்டுப் பிள்ளை பராமரிப்பை நடத்தும் ஏஜென்சிகளுக்கு அழைத்தேன். இங்கே லைசென்ஸ் ஏஜென்சியின் பெயரில்தான் இருக்கும். நாம் அவர்களோடு ஒப்பந்தம் செய்து சொந்தத் தொழிலாக நடத்துகிறோம். அப்படிச் சேர்ந்தால் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். "ஒரு பிள்ளைக்காகவா இவ்வளவு பாடு?" என்று என் கணவர் கேட்டார். அப்போது அவருக்குத் தன் பாடு வரப்போவது தெரியாது.

பொலிஸ் சான்றிதழ் எனக்கு மட்டும் போதாது. வீட்டில் இருக்கிற 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வேண்டும். சிறுவர்கள், முதியோரோடு வேலை செய்பவர்களுக்கு எடுக்கும் விரிவான சோதனை அது. என்னுடையதும் மகனுடையதும் சிக்கலில்லாமல் வந்தன. இவருக்கு மட்டும் கைரேகை கொடுக்கச் சொல்லிக் கடிதம். கடித உறையை மேசையில் வைத்துவிட்டு, நான் என்ன களவெடுத்தேனா என்று வீட்டுக்குள் உலாவினார். பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்ற விபரமும் பழைய பாலியல் குற்றப் பதிவு ஏதாவது ஒன்றோடு ஒத்துப்போனாலே கைரேகை கேட்பார்கள், அது நீங்கள் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். இதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் சுத்தமாகத்தான் வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தால் பதற வேண்டாம், காலம் மட்டும் கூட எடுக்கும்.

மாமியாருக்குத் தடுப்பூசி விபரம் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் போட்ட ஊசிக்கு எங்கே அட்டை? குடும்ப வைத்தியர் இரத்தம் சோதித்து, தேவையானதைத் திரும்பப் போட்டுவிட்டார். முதலுதவி வகுப்பு, குழந்தைகளுக்கான சிபிஆர் எல்லாம் இலகுவாக முடிந்தன.

வீட்டைப் பார்க்க வந்த பெண்மணி நல்ல பொறுமைசாலி. நான் மருந்து அலுமாரி, மாடிப்படிக் கதவு, புகை அலாரம், காபன் மொனொக்சைட் அலாரம் எல்லாம் சரிபார்த்து வைத்திருந்தேன். அவர் நேரே சாமித்தட்டுக்கு முன்னால் போய்க் குந்தினார். பிள்ளையின் உயரத்திலிருந்து பார்க்கிறாராம். கற்பூரம், எண்ணெய்ப் போத்தல், விளக்குக்குப் பின்னால் நெருப்புப்பெட்டி, எல்லாம் ஒரு தவழ்கிற பிள்ளைக்கு எட்டும் இடத்தில். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் விளக்கு ஏற்றுவீர்களா என்று கேட்டார். இல்லை, காலையில் அவர்கள் வர முன்னமே என்றேன். தட்டு மேலே ஏறியது. மாமியாருக்கு எட்டவில்லை என்று இன்னும் முறைப்பாடு இருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2013இல், ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை வைத்திருந்த லைசென்ஸ் இல்லாத வீடொன்றின் பொறுப்பில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்த இடம் பற்றி முன்பே வந்த முறைப்பாடுகளை அமைச்சு ஒழுங்காகப் பார்க்கவில்லை. அடுத்த வருடம், அரசு மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மன் 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். 2015இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது மீறினால் தண்டப்பணம் 250,000 டொலர் வரை போகலாம்.

எங்கள் தெருவில் ஒரு மாமி பல வருடமாகப் பிள்ளை பார்க்கிறார். நல்ல கை. நான் சேர்ந்தது தெரிந்ததும், "ஏன் பிள்ளை, ஆரோ வந்து உன்ர குசினியைத் திறந்து பாக்க விடுறாய்?" என்று கேட்டார். உண்மைதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும்போது, அப்படி யாரோ வருவது நல்லதுதான் என்பது என் எண்ணம். மாமி எத்தனை நல்லவராக இருந்தாலும் அவருடைய வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஏஜென்சி எனக்குத் தருவது, முன்பு கையில் காசாக வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் இடம் காலியாகக் கிடப்பதில்லை. கட்டணத்துக்கு அரசு மானியம் கிடைக்கிற குடும்பங்களும் வருகின்றன. அந்த மானியத்தை லைசென்ஸ் இல்லாத வீட்டில் பாவிக்க முடியாது. பற்றுச்சீட்டு இன்னொரு விசயம். அது இருந்தால் பெற்றோர், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். காசாகக் கொடுத்துவிட்டு பற்றுச்சீட்டு இல்லாமல் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை.

நான் மாமியிடம் தோற்கிற இடம் நேரம். தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட், முதியோர் இல்லத்தில் இரவு வேலை, சனி ஞாயிறு என்று ஓடுகிற தாய்மாருக்கு என் காலை ஏழரை முதல் மாலை ஐந்தரை வரையான நேரம் உதவாது. அவர்கள் மாமியிடம் போகிறார்கள், கூடக் கொடுத்தாவது. அரசாங்கத்தின் 22 டொலர் இந்தப் பெற்றோருக்கு எட்டவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. மாமியைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என்னிடம் இடம் இல்லாதபோது நானே அவரிடம் அனுப்புகிறேன், அந்தக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லித்தான்.

யாராவது இதில் இறங்க நினைத்தால் ஏஜென்சியிடம் முதலில் கேளுங்கள்: கட்டணக் குறைப்புத் திட்டத்தில் இருக்கிறார்களா, பிள்ளை வராத நாளுக்கும் விடுமுறைக்கும் காசு உண்டா, உங்கள் பகுதியில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டா. மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பொலிஸ் சான்றிதழுக்குப் போடுங்கள்.