கையெழுத்துக்காகக் காத்திருந்த பணம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு 2021 மார்ச்சில் விலகினேன். நோட்டீஸ் காலத்தில் பதினைந்து நாள் குறைந்ததில் ஹெச்.ஆர். மேனேஜருக்குக் கோபம். "ரிலீவிங் லெட்டரும் கிடையாது, பி.எஃப்.புக்கும் நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் வேலை பார்த்த கோயமுத்தூர் மில் மூடியபோது, பி.எஃப். பணத்தை எடுக்கும் படிவம் 19-ல் கையெழுத்துப் போட அங்கே ஆளே இல்லை. அப்படிப்பட்ட நிலையில் கணக்கு இருக்கும் பேங்கின் மேனேஜரோ, கெஜட்டட் அதிகாரியோ, போஸ்ட் மாஸ்டரோ சான்றளிக்கலாம். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மஞ்சப்பையில் படிவத்தோடு மில் கேட்டுக்கும் பழைய டைம் ஆபீஸ் கிளார்க் வீட்டுக்குமாக நடந்தார். கடைசியில் பேங்க் மேனேஜர் கையெழுத்துப் போட்ட அன்று, படிவம் மடிப்பில் கிழிந்து பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது.

என் காலத்தில் வழி இருந்தது. ஆதாரும் பேங்க் கணக்கும் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணோடு இணைந்திருந்தால் முதலாளி கையெழுத்து வேண்டாம் என்று 2017-லேயே வந்துவிட்டது. ஆனால் விலகிய தேதி கணக்கில் ஏறாவிட்டால் கிளெய்ம் நகராது. என் மேனேஜர் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு தேதியைத்தான். ஆனால் 2020 ஜனவரியிலேயே அதையும் நாமே பதியலாம் என்று ஆகியிருந்தது. கடைசி பி.எஃப். சந்தா விழுந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். தேதி, அந்தச் சந்தாவுக்குரிய மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் நாமாக மாற்ற முடியாது. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று முறை சரிபார்த்துத்தான் 'மார்க் எக்ஸிட்' அழுத்தினேன்.

பிறகு படிவம் 19. பத்து வருடம் ஆகாததால் பென்ஷன் பங்குக்குப் படிவம் 10சி. முதல் கிளெய்ம் திரும்பிவிட்டது. நான் ஏற்றிய செக்கில் என் பெயர் அச்சாகியிருக்கவில்லை. பெயர் போட்ட செக் வாங்கி மறுபடி போட்டேன், பணம் வந்தது. என் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதமும், என் உழைப்புக்காகக் கம்பெனி கட்டியதும். இதில் யாருடைய தயவும் இல்லை. கோபத்துக்கு ஒருவரின் சேமிப்பை அடகு பிடிப்பதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அதே கம்பெனியில் டெய்லராக இருந்த அக்கா ஒருவர், அடுத்த வருடம் என்னைத் தேடி வந்தார். அவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது. பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய பி.எஃப். கணக்கைப் போனில் திறந்தோம். ஆதாரோடு சேர்ந்த நம்பர் ஈரோட்டில் படிக்கும் மகனிடம் இருந்தது. "வருமாங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவனைக் கூப்பிட்டார். அவன் ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அக்கா அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் போட்டேன். கடைசிப் பட்டனை மட்டும் அவரையே அழுத்தச் சொன்னேன்.