யாழ்ப்பாணத்தில் மூன்று நாள், பெரும்பாலும் கடைச் சாப்பாடு

நேற்று விடிகாலைதான் கொழும்புக்குத் திரும்பினேன். விரலில் கூழ் மணம் இன்னும் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் "யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் சாப்பாடு நல்லம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு உருப்படியாகச் சொல்லத் தெரியாது. அம்மா வீட்டில் இருக்கும்போது யார் கடைக்குப் போவது? போன வருடம் அம்மாவும் அப்பாவும் அக்காவோடு இருக்கக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார்கள். கொக்குவில் வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்த ஊரில் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. அதோடு மதுரையிலிருந்து நண்பன் ஒருவன் முதல்முறையாக வந்தான். "உங்க ஊர்ச் சாப்பாட்டைக் காட்டு" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். இரண்டு பேரின் மூன்று நாள் சாப்பாட்டுக்கு இருபதாயிரம் ரூபாய் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

முதலில் பஸ் கதை. வியாழன் இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தையில் ஏறினேன். ஏசி பஸ் என்று காசு வாங்கினார்கள், புத்தளம் தாண்ட முன்னரே ஏசி நின்றுவிட்டது. திறக்கிற யன்னலும் இல்லை. நடுச்சாமத்தில் ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாரதிக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி மேசை, தனிக் கறி. எங்களுக்கு ஆறிப்போன ரொட்டியும், தண்ணீராய் ஓடிய பருப்பும். விலை மட்டும் ஊர்க் கடையைப் போல இரண்டு மடங்கு. பயணிகளுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தே செய்கிற வேலை இது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா கைப்பையைத் திறந்து காசை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்ரீ மட்டும் வாங்கிக் குடித்தார். எனக்குக் கோபம் வந்தது. எதுவும் வாங்காமல் வந்து இருந்துவிட்டேன். ஐந்தரைக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கியபோது பசியில் கண் இருண்டது.

அந்தப் பசியோடு போன இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற அம்மாச்சி. வட மாகாணத்தில் விவசாயத் திணைக்களம் தொடக்கிவைத்த உணவகங்களில் ஒன்று. பெண்களே சமைக்கிறார்கள், பெண்களே பரிமாறுகிறார்கள், காசு வாங்குவதும் அவர்கள்தான். கண்ணுக்கு முன்னாலேயே அவித்தும் சுட்டும் தருகிறார்கள். குரக்கன் (கேழ்வரகு) பிட்டு வாங்கினேன். சுடச்சுட உதிர்ந்தது. குரக்கன் பிட்டு கொஞ்சம் பிழைத்தாலும் களியாகிவிடும், அல்லது தொண்டையில் அடைக்கும். மாவைக் குழைக்கும்போது தண்ணீர் தெளிக்கிற கைக்குத்தான் அந்தப் பதம் தெரியும். அதன் மேல் ஒரு சம்பல், பக்கத்தில் கத்தரிக்காய்க் கறி. பிறகு இலைக்கஞ்சி. "தம்பி, இன்னும் கொஞ்சம் கஞ்சி விடட்டே?" என்று ஒரு அக்கா கேட்டார். விடச் சொன்னேன். ஊரில் வைத்து அம்மாவின் குரலில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு ஒரு வருடமாகிறது. சாப்பாடு முடிய அறுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரேயொரு இடம் என்றால் இதுதான். காலையிலேயே போய்விடுங்கள். நல்ல சாமான்கள் முதலில் முடிந்துவிடும்.

நண்பன் மதியத்துக்கு முன் பலாலி விமான நிலையத்தில் இறங்கினான். சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் இருப்பது பெரிய வசதிதான், ஆனால் வெளியே வந்ததும் ஒரு வாகனக்காரர் அவனைப் பிடித்துவிட்டார். "பஸ் எல்லாம் இப்ப இல்லைத் தம்பி, டவுன் சரியான தூரம்" என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். இருபது கிலோமீற்றர்கூட இல்லாத தூரம்! "அண்ணை, இது அநியாயம்" என்றேன். "வெளிநாட்டுக்காரருக்கு இதுதான் ரேட்" என்றார். தமிழில் பேசிக்கொண்டு வந்த பிள்ளையிடம் வெளிநாட்டு ரேட்! என் மூன்று நாள் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அந்த அரை மணி நேரத்தில் போய்விட்டது. பலாலியில் இறங்குகிறவர்கள் ஏறமுன் விலை பேசுங்கள், அல்லது ஊரில் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஓட்டோ ஒழுங்குசெய்துவிட்டு வாருங்கள்.

அவனைச் சமாதானப்படுத்த மலாயன் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை என்பதால் எப்படியும் மரக்கறிதான். பெரிய கடை என்கிற கடைத்தெருப் பக்கம், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மாபிள் பதித்த பழைய மேசைகள், மரமும் கண்ணாடியுமான நீண்ட அலுமாரிகள், சுவரில் பழைய படங்கள். அப்பப்பா காலத்தில் பட்டணத்துக்கு வந்தால் இங்கேதான் வடையும் ரீயும் என்று அப்பா சொல்வார். மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் நிறைந்த காலம் அது. இலையில் சோறு, பருப்பு, இரண்டு மூன்று கறி, ரசம், அப்பளம். கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாமே மடித்து எடுத்துக்கொண்டுபோய், கை கழுவுகிற இடத்தில் சுவரில் இருக்கிற துவாரத்துக்குள் தள்ள வேண்டும். நண்பனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு பேர் சாப்பிட்ட காசு அந்த வாகனக்காரர் வாங்கியதில் ஐந்தில் ஒன்றுகூட வராது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் சனம் நெருக்கும், நமக்குப் பின்னால் இருக்கை பிடிக்க ஆள் நிற்கும். பன்னிரண்டுக்கே போய்விடுவது நல்லது.

பின்னேரம் நல்லூர். கோயிலுக்குப் போய்விட்டு ரியோவில் ஐஸ்கிரீம் குடிப்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் ஒன்றுதான். ஆம், நாங்கள் ஐஸ்கிரீம் "குடிப்போம்", நண்பன் இதற்குத்தான் நெடுநேரம் சிரித்தான். ரியோ, பக்கத்தில் வேறு கிறீம் ஹவுஸ்கள், எல்லாவற்றிலும் பல நிறத்தில் உயரமான கண்ணாடிக் குவளைகள். ஐஸ்கிரீம் உலகத்தரம் என்று சொல்ல மாட்டேன், இனிப்பு கூட. ஆனால் சோதனை முடிந்த நாள், பெறுபேறு வந்த நாள், வெளிநாட்டு மாமா வந்த நாள் எல்லாம் அந்த மேசைகளில்தான் எங்களுக்கு நடந்தது. திருவிழா இருபத்தைந்து நாளும் அங்கே இடம் கிடைக்காது. இப்போது ஆனி மாதம், கொடியேற இன்னும் நாள் இருக்கிறது. நின்று நிதானமாகச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை காலை தோசை. யாழ்ப்பாணத் தோசையில் வெந்தயமும் மஞ்சளும் சேரும். நிறமே வேறு. கூட வருவது சாம்பார் இல்லை, செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) பொரித்து இடித்த சம்பல். "சாம்பார் எங்கேடா?" என்று கேட்டவன் இரண்டாவது தோசையிலிருந்து கேட்கவில்லை. சொதியைத்தான் அவனுக்கு விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு, மஞ்சள் தூவி, இறக்கியதும் தேசிக்காய் (எலுமிச்சை) புளி விடுகிறோம். அவ்வளவுதான். கொதிக்கவிட்டால் பால் திரைந்துவிடும். இடியப்பத்துக்கு அதை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டவன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் "சொதி இருக்கா அண்ணே?" என்றுதான் தொடங்கினான்.

அன்று பகல் சந்தையில் போனது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்து கிடந்தது. வெளியே பச்சையாகத்தான் இருக்கும், காயென்று நினைத்து ஏமாறாதீர்கள். முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பிட்டோடு இந்த மாம்பழத்தைப் பிசைந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். பனங்கட்டிக் குட்டான் (ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம்), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), புழுக்கொடியல் எல்லாம் அங்கேயே கிடைக்கும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடைக்காரப் பெண் பாதிப் பிள்ளைகளுக்கு இப்போது இந்த வித்தியாசம் தெரியாது என்று கவலைப்பட்டார். நானும் படுகிறேன்.

இரவு, முஸ்லிம்கள் வாழ்கிற ஐந்து சந்திப் பக்கம் கொத்துரொட்டி. ரொட்டி கொத்துகிற தகடுகளின் சத்தத்தைக் கேட்டே கடையைக் கண்டுபிடிக்கலாம். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தெருக்கள் பல வருடம் வெறுமையாகக் கிடந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர்கள் மூட்டிய அடுப்புகள் இவை. அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு வெறும் சாப்பாடு இல்லை. மாட்டிறைச்சிக் கொத்து, கறியை மேலே கொஞ்சம் கூட விடச் சொல்லி வாங்கினோம். ஒரு பிளேட் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "நண்டு சாப்பிடாமல் யாழ்ப்பாணம் போனேன் என்று எப்படிச் சொல்றது?" என்று நண்பன் கேட்க, அடுத்த நாள் மத்தியானம் வரை பொறுக்க முடியாமல், அன்றிரவே சுற்றுலாப் பயணிகளுக்கென்று விளக்குப் போட்டு வைத்திருக்கிற ஒரு இடத்துக்குப் போனோம். பட்டியலில் நண்டுக்கு நேரே விலை இல்லை, "அன்றைய விலை" என்று இருந்தது. கேட்காமல் சொன்னது என் பிழை. ஒரு நண்டு, ஏழாயிரத்து ஐந்நூறு. சேவைக் கட்டணம் தனி. சரி, காசு போகட்டும், கறியாவது கறியாக இருந்ததா? தக்காளிச் சாறும் மாவும் போட்டுத் தடிப்பாக்கிய ஒரு குழம்பு. முருங்கையிலை இல்லை, வறுத்த தூளின் வாசமே இல்லை. எங்கள் தூள் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியே வறுத்து இடித்தது. அந்தத் தூள் போட்ட கறி தெருமுனையிலேயே மணக்கும். இதை "யாழ்ப்பாண நண்டுக்கறி" என்று பெயர் போட்டு விற்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம். வருகிறவர்கள் இதுதான் எங்கள் சமையல் என்று நினைத்துக்கொண்டு போவார்களே!

ஞாயிறு அதைச் சரிசெய்தது மாமி.

மாமி வீடு நல்லூரில். விடிய ஐந்தரைக்கே எங்களைப் பாசையூர் மீன் சந்தைக்கு அனுப்பிவிட்டார். நண்டு, இறால், சின்ன மீன், கணவாய் எல்லாம் வாங்கி இரவு ஒரு நண்டுக்குக் கொடுத்ததில் பாதிதான் முடிந்தது. கூழுக்கான ஒடியல் மாவை மாமி முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஊற்றி வைத்திருந்தார். அப்போதுதான் கைப்பு போகும். பெரிய பானையில் பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி, பிறகு மீன், நண்டு, இறால். எல்லாம் வெந்ததும் புளியும், இடித்த செத்தல் மிளகாயும், கரைத்த ஒடியல் மாவும். கடைசியில் முருங்கையிலை. மாவைக் கரைத்து விட்டதும் பானையை விட்டு நகரக் கூடாது, கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். நண்பன்தான் கிண்டினான். "அடிப்பிடிக்க விடாதை ராசா" என்று மாமி இரண்டு தடவை சொன்னார். வேர்வை பானைக்குள் விழாமல் இருக்க அவன் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாமரத்துக்குக் கீழே பாய் விரித்து, பனை ஓலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். அயல் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் சொல்லாமலே வந்துவிட்டார்கள். கூழ் என்றால் அப்படித்தான், வீட்டுக்காரருக்கு மட்டும் காய்ச்ச முடியாது. உறைப்பு மூக்கில் ஏறும், கண்ணால் தண்ணீர் வரும், ஆனாலும் பிளாவை நீட்டத்தான் மனம் வரும். நண்பன் நாலு பிளா குடித்தான். ஐந்தாவதுக்கு மாமி கொஞ்சம் நண்டுக் காலாகப் பார்த்துப் போட்டார்.

இதை எந்தக் கடையிலும் சாப்பிடலாம் என்று நான் எழுத மாட்டேன். சில இடங்களில் சட்டியில் வாங்கலாம்தான், ஆனால் உறைப்பைக் குறைத்துவிடுகிறார்கள், மாவும் குறைவு. யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு ஒரேயொரு ஆளைத் தெரிந்தாலும் கூச்சப்படாமல் "கூழ் காய்ச்சுவமா?" என்று கேளுங்கள். சாமான் வாங்கிக்கொண்டு போங்கள். மறுக்கிற வீடு குறைவு.

கணக்கு இதுதான். ஒதுக்கியது இருபதாயிரம். வாகனக்காரரையும் அந்த ஒரு நண்டையும் சேர்க்காமல் பார்த்தால், இரண்டு பேர் மூன்று நாள் வயிறார உண்டதற்குப் பதினோராயிரம்தான். அந்த இரண்டும் சேர்ந்து மட்டும் பதினாலாயிரம் தாண்டிவிட்டது.

ஞாயிறு இரவு திரும்பும்போது மாமி இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தார், சொதி ஒரு போத்தலில். நடுச்சாமத்தில் பஸ் அதே கடை வாசலில்தான் நின்றது. இறங்காமல் இருக்கையிலேயே பார்சலைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்த கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) படிக்கிற பெடியன் வாசம் பிடித்துத் திரும்பிப் பார்த்தான். "தம்பி, சாப்பிட்டனியே?" என்று கேட்டேன். இல்லை என்றான். இலையின் நடுவில் ஒரு கோடு போட்டுப் பாதியை அவன் பக்கம் தள்ளினேன். சொதி இன்னும் இளஞ்சூடாக இருந்தது.