ஒற்றைக் கம்பி வாத்தியார்

ஜாஸ் கிதார் கேட்பவர்களுக்கு ஜான் ஸ்கோஃபீல்ட், மைக் ஸ்டெர்ன் எல்லாம் அத்துப்படி. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மிக் குட்ரிக்கைப் பற்றிக் கேட்டால் பலர் முழிப்பார்கள்.

1945-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்து, பிறகு அங்கேயே வாத்தியாரானார். 70-களில் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் குழுவில் இவர் வாசித்தபோது, பக்கத்தில் பன்னிரண்டு கம்பி கிதாரோடு வந்து சேர்ந்த பொடியன்தான் பின்னாளில் பெரிய கிதார் கலைஞரான பேட் மெத்தீனி. அப்போது அவருக்கு இருபதுகூட ஆகவில்லை!

குட்ரிக் 1987-ல் எழுதிய பாடநூலில் முதலில் வரும் வேலையே ஆளை மடக்கிவிடும். ஒரே கம்பியில் வாசி, அவ்வளவுதான்.

கிதார் எடுத்து முதல் கம்பியில் மட்டும் சி மேஜர் ஸ்கேல் என்ற ஏழு சுர வரிசையின் சுரங்களைத் தேடிப் பாருங்கள். திறந்த கம்பி, பிறகு 1, 3, 5, 7, 8, 10, 12 ஆகிய ஃப்ரெட்டுகள் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்). இரண்டே இடத்தில்தான் சுரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றதெல்லாம் நடுவில் ஒரு ஃப்ரெட் விட்டு. கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ஆறு கம்பியிலும் வாசிக்கும்போது விரல்கள் பழக்கத்தில் ஓடிவிடும், இந்த இடைவெளி கண்ணில் படவே படாது. ஒற்றைக் கம்பியில் அந்தத் தப்பித்தல் நடக்காது. அடுத்த சுரம் எங்கே என்று காதால்தான் யோசிக்கவேண்டும். எவ்வளவு வேகமாக வாசிப்பவரும் இங்கே திக்குவார், அதுதான் எனக்குப் பிடித்தது.

தன் பெயரில் அதிகம் இசைத்தட்டு போடவில்லை மனுஷன். 2022-ல் போய்ச் சேர்ந்தார். 1979-ல் இசிஎம் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட இவருடைய முதல் தட்டு கேட்டுப் பாருங்கள். ஜான் சர்மனின் சாக்ஸஃபோனுக்கு இடம் விட்டு இவர் பின்னால் நிற்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.