பத்தாண்டு பில்லும் போதவில்லை: டிரேட்மார்க் பதிவில் பட்ட பாடு

எங்கள் செக்கு எண்ணெய்க்கு ஒருவழியாக டிரேட்மார்க் சான்றிதழ் வந்துவிட்டது. முதல் விண்ணப்பத்திலேயே முடிய வேண்டியது இரண்டாவது விண்ணப்பம் வரை இழுத்ததற்குக் காரணம் படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழை.

குலதெய்வத்தின் பெயரில் 2014 முதல் எண்ணெய் விற்று வருகிறோம். முதலில் விண்ணப்பித்துக் கொடுத்த ஏஜென்ட் இதை எங்களிடம் கேட்கவே இல்லை; ‘இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்’ என்று குறித்துவிட்டார். அதே பெயரில், சமையல் எண்ணெய்கள் அடங்கும் அதே 29-ஆம் வகுப்பில், 2018 முதல் பயன்படுத்துவதாக வேறொருவர் பதிந்திருந்ததால், டிரேட்மார்க் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேப அறிக்கை வந்தது. ஏஜென்டின் மின்னஞ்சலுக்குப் போன அந்த அறிக்கை, பதிலளிக்க இருந்த ஒரு மாதக் கெடுவில் ஐந்து நாள் மிஞ்சியிருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். விண்ணப்ப எண்ணை வாங்கி, நிலவரத்தை வாரம் ஒருமுறை நீங்களே இணையத்தில் பாருங்கள்.

வேறொரு வழக்கறிஞரின் யோசனைப்படி, 2018-க்கு முன்பே அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் நாங்கள் என்று காட்ட, 2014 முதலான பயன்பாட்டைப் பிரமாணப் பத்திரத்துடன் குறிப்பிட்டுப் புதிதாக விண்ணப்பித்தோம். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் இருந்ததால் கட்டணம் 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500 ரூபாய்தான். ஆனாலும் அதை இரண்டாம் முறை கட்ட நேர்ந்தது வயிற்றெரிச்சல்.

ஆதாரம் திரட்டும்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. அப்பா பத்தாண்டு பில் புத்தகங்களையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு கார்பன் நகலிலும் ‘நல்லெண்ணெய் 5 லி.’ என்று மட்டுமே இருந்தது. மேலே அச்சிட்டிருந்ததும் அப்பாவின் பெயர்தான். எண்ணெய் விற்றதற்கு அவை சாட்சி, அந்தப் பெயரில் விற்றதற்கு அல்ல. பெட்டியின் அடியில் கிடந்த ஒரு சிவகாசி அச்சக ரசீதுதான் எங்களைக் காப்பாற்றியது. 2014 தேதியிட்ட அந்த ரசீதின் ஓரத்தில், அச்சடித்த லேபிளையே மாதிரிக்காகப் பசையால் ஒட்டியிருந்தார்கள். காணொளி விசாரணையில் அதிகாரி அந்த ஒரு தாளைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னபோது அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே, இன்று கடை தொடங்குபவர்கூட முதல் பில்லிலேயே பிராண்டு பெயரை அச்சிட வேண்டும். லேபிள் அச்சடித்த ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். லேபிளில் பெயர் தமிழில் இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகி, பிறர் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான நான்கு மாதமும் அமைதியாகக் கழிந்தன. அந்த இடைவெளியில், அரசு முத்திரை போன்ற ஒன்றுடன் பணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது; முகவரிகளை இதழிலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள், கட்டிவிடாதீர்கள். பதிவு முடியும்வரை லேபிளில் ‘டிஎம்’ மட்டுமே போடலாம். அதற்கு முன்பே, பதிவானது என்பதைக் காட்டும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் போடுவது 107-ஆம் பிரிவின்படி குற்றம். எங்கள் புதிய லேபிள், அந்த ‘ஆர்’ குறியுடன், நேற்றுத்தான் சிவகாசிக்கு அச்சுக்குப் போயிருக்கிறது.