பழங்குடி ஊர்களில் உடல்நலக் கணக்கெடுப்பு: நீலகிரியின் கூடலூர் மலையில் கற்றவை

இந்தியாவில் அரிவாள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அன்று முதல் இந்த மலைக்கு ரத்தம் எடுக்க ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் புதிதாக ஓர் ஊருக்குள் போனால் காதில் விழும் முதல் கேள்வி, "போன தடவை எடுத்த ரத்தம் என்ன ஆச்சு?" என்பதுதான். பதில் இல்லாமல் போகக் கூடாது. யாருக்கு, எந்த நாளில், யார் மூலம் ரிசல்ட் போய்ச் சேரும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கான வண்டிச் செலவையும் ஆள் சம்பளத்தையும் திட்டத்தில் முதல் வரியாக எழுதுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் பணம் தீர்ந்து, ரிசல்ட் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடும்.

அனுமதி வாங்கவே மாதக் கணக்கில் ஆகும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மாவட்ட நிர்வாகத்தின் கடிதம், ஊர் காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் அனுமதி எல்லாம் வேண்டும். ஊர்த் தலைவர் சரி என்றாலும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டாக வேண்டும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி தேவை. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம், இரண்டுக்கும் பெற்றோரின் ஒப்புதலும் சேர வேண்டும். மிச்ச ரத்தத்தை என்ன செய்வோம் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடி மக்களிடம் நீரிழிவு ஆய்வு என்று சொல்லி எடுத்த ரத்தத்தை வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது வழக்காகி, 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

களத்தில் செய்வது, ரத்தத்தில் அரிவாள் செல் ஹீமோகுளோபின் உண்டா என்று பார்க்கும் கரைதிறன் சோதனை. 2 மில்லி ரீஏஜென்ட்டில் (சோதனைத் திரவம்) 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டுக் கலக்கி, 5 நிமிடம் கழித்து, கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் நெகட்டிவ். கலங்கி மறைந்தால் பாசிட்டிவ். கேட்க எளிது, ஆனால் தவறுவதற்கு வழி நிறைய. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்ட் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். பழையதாகிப்போனால் பாசிட்டிவ் ரத்தமும் நெகட்டிவாகத் தெரியும். அதனால் தினமும் காலையில் முன்பே முடிவு தெரிந்த ரத்தத்தில் பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் ரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், இல்லையென்றால் நோய் தப்பிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சோதனை உதவாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு மூன்று மாதம் காத்திருங்கள்.

முக்கியமாக, பாசிட்டிவ் என்றால் நோயாளியா, வெறும் கடத்தியா (நோயின் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்று, நோயில்லாமல் இருப்பவர்) என்று இது சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். அதற்கு அனுப்பும் ஈ.டி.டி.ஏ. குழாயை (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துள்ள குழாய்) ஐஸ் கட்டியில் நேராக வைத்தால் சிவப்பணு உடைந்து மாதிரி வீணாகிவிடும். நடுவே துணியோ தெர்மோகோலோ வையுங்கள். ஹெச்.பி.எல்.சி. முடிவு வரும்வரை ஊரில் யாரிடமும் "உனக்கு இருக்கு" என்ற வார்த்தை வரக் கூடாது.

கணக்கெடுப்பில் ரத்தத்தோடு வயது, உயரம், வருமானம், படிப்பும் உண்டு. வயது கேட்டால் பலருக்கும் தெரியாது. 2020 ஊரடங்கு, 2019 ஆகஸ்ட் பெருமழை என்று ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்வுகளைப் பட்டியலாக்கி, "அப்போ பிள்ளை நடந்துச்சா?" என்று கேட்டால் கணக்கு வரும். உயரத்தை இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்தும், மேலே நிற்க வைத்தும் அளவிடுங்கள். மாற்றி அளந்தால் 0.7 செ.மீ. பிழை வரும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வி இங்கே வீண். காப்பிப் பறிப்பு, குறுமிளகு, தேன், இஞ்சித் தோட்டம், நூறு நாள் வேலை என்று வருமானம் பருவத்தோடு மாறும். பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கி, கூலியில் கழிப்பதைத் தனியாக எழுதாவிட்டால், கடனில் இருக்கும் குடும்பம் கணக்கில் நன்றாகச் சம்பாதிப்பதாகத் தெரியும். படிப்புக்கும் இதே கதைதான்: பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பறிப்புப் பருவத்தில் வகுப்பில் இருப்பது வேறு. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தரும் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் அது இல்லாமல்தான் நின்றுபோகிறது.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், தோடர், கோத்தர் ஆகிய ஆறு சமூகங்களையும் "எஸ்.டி." என்று ஒரே வரிசையில் போடாதீர்கள். மொழி வேறு, நிலம் வேறு, தொழில் வேறு. ஆனால் பதினைந்து வீடுள்ள ஊரில் "நோயாளி 1" என்று அட்டவணை போட்டால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிறிய ஊர்களைச் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும்.

ரிசல்ட் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை பகலே நல்லது. மற்ற நாளில் வேலை முடிந்து ஆள் வீடு திரும்பும்போது இருட்டிவிடும், யானையும் இறங்கிவிடும். மூடிய உறையில், ஒருவர் ஒருவராக, அவரவர் மொழி பேசும் களப்பணியாளர் சொல்ல வேண்டும். கடத்திக்கு மருந்து வேண்டாம், வேலைக்கும் தடையில்லை. இரு கடத்திகள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுள்ள குழந்தை பிறக்கலாம். இதைக் கல்யாணமாகாத பெண்ணிடம் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூட இருக்கக் கூடாது. நோயாளி என்று உறுதியானால், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, கூட யார் வருவார் என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.